ஈரம் தங்க விடாதீர்கள்: புல்வெட்டும் இயந்திரம் பற்றி வாசகர் கேள்விகள்

மேற்கு எல்லையில் செங்கோட்டை, மார்த்தாண்டம், கொழிஞ்சாம்பாறை, வடக்கில் குப்பம், நகரி ஆகிய ஊர்களிலிருந்து இந்த முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை புல்வெட்டும் இயந்திரத்தைப் பற்றியே கேட்கின்றன. தென்மேற்குப் பருவமழை தொடங்கியதும் ஒரு வாரத்தில் முழங்கால் உயரம் புல் எழும்பிவிடும் பகுதிகளில் இது எதிர்பார்க்கத்தக்கதுதான். கேள்விகள் பல என்றாலும், அவற்றில் பெரும்பாலானவற்றின் வேர் ஒன்றே: வேலை முடிந்த பின் இயந்திரத்துக்குள் தங்கிவிடும் ஈரம்.

கேள்வி: ஐயா, எங்கள் வீட்டைச் சுற்றி எருமைப்புல் பதித்திருக்கிறோம். பெட்ரோலில் ஓடும் தள்ளு இயந்திரம் வைத்திருக்கிறோம். சாரல் தொடங்கியதிலிருந்து வெட்டிய புல் பின்னால் உள்ள பைக்குப் போகாமல் அடியிலேயே அப்பிக்கொள்கிறது. சிறிது நேரத்தில் என்ஜின் திணறி நின்றுவிடுகிறது. சுத்தம் செய்யப் பக்கவாட்டில் சாய்த்தால் அடுத்த முறை வெள்ளைப் புகை கக்குகிறது. எப்படித்தான் சுத்தம் செய்வது? (வாசகி, செங்கோட்டை)

பதில்: உங்கள் இயந்திரத்தில் பழுது எதுவும் இருப்பதாகத் தோன்றவில்லை. பிளேடின் இரு முனைகளையும் குனிந்து பார்த்தீர்களானால், வெட்டும் விளிம்புக்குப் பின்பக்கம் தகடு சற்று மேல்நோக்கி வளைந்திருப்பது தெரியும். பிளேடு சுழலும்போது அந்த வளைவுதான் காற்றை மேலே இழுத்துப் புல்லை நிமிர்த்தி நிறுத்துகிறது. வெட்டுப்பட்ட புல்லைப் பைக்குள் தள்ளுவதும் அதே காற்றுதான். பிளேடை மூடியிருக்கும் இரும்புக் கூட்டின் உட்புறத்தில் ஈரப்புல் ஒரு விரற்கடை தடிமனுக்கு அப்பிவிட்டால், காற்று ஓட வேண்டிய இடம் குறுகிவிடுகிறது. பிறகு புல் வெளியேறாமல் அங்கேயே சுற்றிச் சுற்றி அரைபட்டு விழுதாகி மேலும் அப்புகிறது. பிளேடு அந்த விழுதைத் தேய்த்துக்கொண்டே சுற்ற வேண்டியிருப்பதால் என்ஜின் மூச்சுத் திணறுகிறது.

வெள்ளைப் புகைக்குக் காரணம், நீங்கள் சாய்க்கும் பக்கம். ஏர் ஃபில்டரும் கார்புரேட்டரும் இருக்கும் பக்கம் கீழே போகும்படி சாய்த்தால் என்ஜின் ஆயில் வழிந்து ஃபில்டருக்குள்ளும் சிலிண்டருக்குள்ளும் புகுந்துவிடும். அது எரிவதுதான் அந்தப் புகை. இனிச் சாய்க்கும்போது அந்த இரண்டும் வானத்தைப் பார்க்கும்படி வையுங்கள். ஏற்கெனவே ஆயில் குடித்த காகித ஃபில்டரைத் துடைத்துக் காப்பாற்ற முடியாது; மாற்றிவிடுங்கள்.

சாய்ப்பதற்கு முன் செய்ய வேண்டியவற்றை ஒன்றுகூட விடாமல் செய்ய வேண்டும். என்ஜினை நிறுத்தி, சைலன்சர் ஆறும்வரை அரை மணி நேரமாவது காத்திருங்கள். பெட்ரோல் டேங்கை முடிந்த அளவு காலி செய்து, குழாயில் திருகு இருந்தால் மூடுங்கள். அடுத்ததாக, ஸ்பார்க் பிளக்கின் தொப்பியைக் கழற்றி, பிளக்கைத் தொடாதவாறு ஒதுக்கி வையுங்கள். என்ஜின்தான் நின்றுவிட்டதே, இது எதற்கு என்று பலர் நினைக்கிறார்கள். இந்த என்ஜினில் தீப்பொறிக்குப் பேட்டரி தேவையில்லை. ஃபிளைவீல் எனப்படும் கனத்த சுழல்சக்கரத்தில் பதித்த காந்தம், பக்கத்திலுள்ள கம்பிச்சுருளான காயிலைக் கடந்து போனாலே பொறி பிறந்துவிடும். பிளேடும் ஃபிளைவீலும் ஒரே தண்டில் இருப்பதால், சுத்தம் செய்யும் கை பிளேடைச் சற்று வேகமாகத் திருப்பிவிட்டாலும், உள்ளே மிஞ்சியிருக்கும் பெட்ரோல் ஆவியில் பொறி பட்டு ஒரு சுற்று சுற்றிவிட வாய்ப்புண்டு. விரல்களை இழக்க அந்த ஒரு சுற்றே போதும். தொப்பியைக் கழற்ற ஐந்து விநாடிகூட ஆகாது. உங்கள் வீட்டில் வேலைக்கு வருபவர் சுத்தம் செய்தாலும் அவர் இதைச் செய்தாரா என்று நீங்களே பார்த்துவிடுங்கள்.

கையுறை அணிந்து, மரச் சட்டம் அல்லது தடித்த பிளாஸ்டிக் துண்டால் புல் விழுதைச் சுரண்டி எடுங்கள். கொத்துக் கரண்டி, அரிவாள் போன்ற இரும்புக் கருவிகளால் சுரண்டினால் பெயின்ட் கீறிவிடும். கீறிய இடத்தில்தான் துரு முதலில் பிடிக்கும். பிளேடின் நடுப்போல்ட்டைச் சுற்றி நாராகச் சுருண்டிருக்கும் புல்லையும் எடுக்க வேண்டும், ஏனெனில் அது தண்டைச் சுற்றி ஆயில் கசியாமல் தடுக்கும் வளையத்தை (ஆயில் சீல்) அறுக்கும். பிறகு ஈரத்துணியால் துடைத்து, உலர்ந்த துணியால் மறுபடி துடையுங்கள். கார் கழுவும் பம்பால் பீய்ச்சுவது வேண்டவே வேண்டாம். அந்த அழுத்தத்தில் தண்ணீர் சீலைத் தாண்டி உள்ளே போய்விடும். எல்லாம் முடிந்து நேராக நிறுத்திய பின், ஆயில் அளவுக் கோலைப் பார்த்துவிட்டு, தொப்பியை மாட்டி, இரண்டு நிமிடம் ஓட விடுங்கள். மிச்சமிருக்கும் ஈரம் அந்தக் காற்றிலும் சூட்டிலும் காய்ந்துவிடும்.

பெயின்ட் போன இடங்களை எமரித்தாளால் தேய்த்து, ரெட் ஆக்ஸைடு பூசி, அது காய்ந்ததும் பெயின்ட் அடியுங்கள். மழைக்காலம் முடியும்வரை மாதம் ஒருமுறை உட்புறத்தில் சிலிகான் ஸ்பிரே அடித்துவந்தால் புல் எளிதில் ஒட்டாது. கழித்த என்ஜின் ஆயிலைப் பூசும் வழக்கம் சில ஊர்களில் இருக்கிறது. அது சொட்டுச் சொட்டாகப் புல்லில் விழுந்து மண்ணைக் கெடுப்பதால் அதை நான் ஏற்பதில்லை.

வெட்டும் முறையிலும் கவனம் வேண்டும். சாரல் விட்டு இரண்டு மணி நேரமாவது காற்று வாங்கிய புல்லை வெட்டுங்கள். பிளேடின் உயரத்தை ஒரு படி ஏற்றி, புல்லின் உயரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஒரே தடவையில் எடுக்காதீர்கள். புல் மிக உயர்ந்துவிட்டால் இரண்டு மூன்று நாள் இடைவெளி விட்டு இரு தடவையாக இறக்குவது புல்லுக்கும் நல்லது, இயந்திரத்துக்கும் நல்லது.

கேள்வி: மூன்று மாதம் ஊரில் இல்லை. திரும்பி வந்து கயிற்றை இழுத்தால் இயந்திரம் ஸ்டார்ட் ஆகவில்லை. டேங்கில் பெட்ரோல் இருக்கிறது. புதுப் பிளக்கும் போட்டாகிவிட்டது. பட்டறையில் கார்புரேட்டரையே மாற்றச் சொல்கிறார்கள். தேவைதானா? (வாசகர், மார்த்தாண்டம்)

பதில்: அவசரப்பட்டு மாற்ற வேண்டாம். உங்கள் டேங்கில் இருப்பது மூன்று மாதப் பழைய பெட்ரோல் என்பதே முதல் குற்றவாளி. 2025-லிருந்து நம் நாட்டுப் பம்புகளில் பெரும்பாலும் 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோலே கிடைக்கிறது. எல்லைக்கு இப்பக்கம் பிடித்தாலும் கேரளப் பக்கம் பாறசாலையில் பிடித்தாலும் இதில் வேறுபாடு இல்லை. எத்தனால் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது. கன்னியாகுமரி மாவட்டத்து மழைக்காலக் காற்றில் அரைகுறையாக நிரம்பிய டேங்க் மாதக்கணக்கில் கிடந்தால், உறிஞ்சப்பட்ட நீர் ஓரளவைத் தாண்டியதும் எத்தனாலும் நீரும் சேர்ந்து பெட்ரோலிலிருந்து பிரிந்து அடியில் படிந்துவிடும். கார்புரேட்டருக்கு முதலில் போய்ச் சேருவது அந்த அடிப்படிவுதான். அங்கே அது அலுமினியத்தை அரித்து வெண்பொடியாகப் படிகிறது. பெட்ரோலும் ஆவியாகிக்கொண்டே போய்ப் பிசின் போன்ற படலத்தை விட்டுச்செல்கிறது. இவை இரண்டும் சேர்ந்து, பெட்ரோலை அளவோடு விடும் ஜெட்டின் நுண்ணிய துளையை அடைத்துவிடுகின்றன.

பல சிறு என்ஜின்களின் கையேட்டில் எத்தனால் 10 விழுக்காட்டுக்கு மேற்படக் கூடாது என்றே அச்சிட்டிருப்பார்கள். நமக்கு வேறு பெட்ரோல் எளிதில் கிடைப்பதில்லை என்பதால், அதைத் தேங்க விடாமல் பார்த்துக்கொள்வதுதான் நம் கையில் இருக்கிறது.

இப்போது செய்ய வேண்டியது இது. பழைய பெட்ரோலை முழுவதும் ஒரு கண்ணாடிப் பாத்திரத்தில் இறக்கிப் பாருங்கள். அடியில் தனி அடுக்காக ஏதேனும் தெரிந்தால் நோய் இன்னதென்று உறுதி. அதைச் சாக்கடையிலோ தோட்டத்திலோ ஊற்றாமல் பட்டறையில் கொடுத்துவிடுங்கள். பிறகு கார்புரேட்டரின் அடிக்கிண்ணத்தைப் பிடித்திருக்கும் போல்ட்டைக் கழற்றிக் கிண்ணத்தை இறக்குங்கள். அதன் விளிம்பிலுள்ள ரப்பர் வளையம் பிய்ந்துவிடாமல் எடுக்க வேண்டும். மிதவையை வளைத்துவிடக் கூடாது. நடுவிலுள்ள ஜெட்டைப் பொருத்தமான ஸ்குரூ டிரைவரால் கழற்றி வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால், துளை வட்டமாக ஒளிவிட வேண்டும். மங்கலாகவோ அரைவட்டமாகவோ தெரிந்தால் அடைப்பு அங்கேதான். கார்புரேட்டர் கிளீனர் ஸ்பிரேயில் நனைத்து, மின்வயரிலிருந்து உருவிய ஒற்றைச் செம்பு இழையால் மெதுவாகக் குத்தி எடுங்கள். ஊசியைப் போடாதீர்கள், எஃகு ஊசி பித்தளைத் துளையை அகலப்படுத்திவிடும், அதன் பின் என்ஜின் எப்போதும் பெட்ரோலை அதிகமாகவே குடிக்கும். ரப்பர்க் குழாய் விறைத்தோ வெடித்தோ இருந்தால் அதையும் மாற்றிவிடுங்கள். எல்லாவற்றையும் மாட்டிப் புதுப் பெட்ரோல் ஊற்றினால், பெரும்பாலான இயந்திரங்கள் சில இழுப்பில் உயிர் பெறும். அதற்குப் பின்னும் இயங்கவில்லை என்றால் மட்டும் பட்டறைக்காரரின் யோசனையைக் கேளுங்கள்.

அடுத்த முறை ஒரு மாதத்துக்கு மேல் ஓட்டப்போவதில்லை என்று தெரிந்தால், டேங்கை இறக்கிவிட்டு, என்ஜின் தானாக நிற்கும்வரை ஓட விட்டுக் கார்புரேட்டரை உலர வைத்துவிடுங்கள். பெட்ரோலையும் ஒரு மாதத்துக்குள் தீரும் அளவுக்கு மட்டுமே வாங்குங்கள்.

கேள்வி: தென்னந்தோப்பில் வீட்டு முன் புல்தரை இருக்கிறது. பிளேடைச் சாணை பிடிக்கக் கொடுத்து வாங்கி மாட்டியதிலிருந்து கைப்பிடி வழியாகத் தோள்வரை நடுக்கம் ஏறுகிறது. முன்பு இப்படி இல்லை. (வாசகர், கொழிஞ்சாம்பாறை)

பதில்: ஓட்டுவதை உடனே நிறுத்திவிடுங்கள். ஒரு முனையில் கூடுதலாகவும் மறுமுனையில் குறைவாகவும் தேய்த்திருக்கிறார்கள். நிமிடத்துக்கு ஏறக்குறைய 3000 சுற்று சுற்றும் பிளேடில் சிறிய எடை வேறுபாடுகூடத் தண்டை ஒவ்வொரு சுற்றிலும் ஒரு பக்கமாக இழுக்கும். போல்ட்டுகள் தளரும், ஆயில் சீல் கசியும், நாளடைவில் பேரிங்கும் போகும்.

பிளக் தொப்பியைக் கழற்றிவிட்டுப் பிளேடை இறக்குங்கள். எந்தப் பக்கம் மேலே இருந்தது என்று பெயின்டால் ஒரு புள்ளி வைத்துக்கொள்ள வேண்டும். தலைகீழாக மாட்டப்பட்ட பிளேடு புல்லை வெட்டாது, நசுக்கும். சுவரில் ஓர் ஆணியைக் கிடைமட்டமாக அடித்து, பிளேடின் நடுத்துளையை அதில் மாட்டித் தொங்கவிடுங்கள். எந்த முனை தாழ்கிறதோ அந்த முனை கனம். வெட்டு விளிம்பைத் தொடாமல், கனமான முனையின் பின்புறத்தைப் பட்டை அரத்தால் ராவி, இரு முனையும் சமமாக நிற்கும்வரை சரிசெய்யுங்கள்.

தேய்த்த இடத்தில் நீலம் பாய்ந்திருக்கிறதா என்றும் பாருங்கள். மின்சாணையில் விடாமல் அழுத்திப் பிடித்துத் தண்ணீரில் நனைக்காமல் விட்டால் இரும்பு சூடேறி நீலமாகிவிடும். அந்த இடத்தில் பதம் போய்விட்டது என்று பொருள். எத்தனை முறை தீட்டினாலும் முனை நிற்காது. அப்படியானால் புதுப் பிளேடு வாங்குவதே சிக்கனம். வளைந்த பகுதியின் அடியில் மயிரிழை அளவு விரிசல் தெரிந்தாலும் தயங்காமல் தூக்கிப் போடுங்கள், ஏனெனில் உடைந்து தெறிக்கும் பிளேடுத் துண்டு எதிரே நிற்பவரை ஊனமாக்கிவிடும்.

இனிச் சாணைக்கடைக்குக் கொடுக்காமல் நீங்களே அரத்தால் தீட்டலாம். பழைய சாய்வை மாற்றாமல், மேற்புறத்தில் மட்டும், ஒரே திசையில் ராவுங்கள். ஒரு முனைக்கு எத்தனை இழுப்போ மறுமுனைக்கும் அத்தனை. சவரக்கத்தி போலத் தீட்டத் தேவையில்லை. 25 மணி நேர வேலைக்கு ஒருமுறை தீட்டினால் பொதுவாகப் போதும் என்றாலும், பாலக்காட்டுக் கணவாய்க் காற்று புழுதியை வாரி வந்து புல்லில் கொட்டும் உங்கள் பக்கத்தில் அதற்கு முன்பே மழுங்கக்கூடும். வெட்டிய மறுநாள் புல்லின் நுனி பிய்ந்து வெளுத்திருந்தால் பிளேடு தீட்டும் வேளை வந்துவிட்டது. அதே புழுதியால் ஏர் ஃபில்டரும் விரைவில் அடைபடும். காகித ஃபில்டரைத் தட்டி உதறுங்கள். பஞ்சு ஃபில்டரைச் சோப்பு நீரில் அலசி, நன்றாக உலர்த்தி, சில துளி என்ஜின் ஆயில் விட்டுப் பிழிந்து மாட்டுங்கள்.

இன்னொன்றையும் நினைவுபடுத்திப் பாருங்கள். மட்டைக் கட்டையிலோ கல்லிலோ அண்மையில் பிளேடு மோதியதா? பிளேடைச் சமன்செய்த பின்னும் நடுக்கம் நீடித்தால் தண்டு வளைந்திருக்கலாம். பிளக் தொப்பியைக் கழற்றிய நிலையில் பிளேடைக் கையால் மெதுவாகச் சுற்றி, கூட்டின் விளிம்பில் ஒரே இடத்துக்கு நேரே இரு முனைகளும் ஒரே உயரத்தில் வருகின்றனவா என்று அளந்தால் தெரிந்துவிடும். மோதலுக்குப் பின் ஸ்டார்ட் ஆகாமல் கயிறு கையை வெடுக்கென்று பின்னுக்கு இழுத்தால், ஃபிளைவீலைத் தண்டோடு பிணைக்கும் சிறு சாவி நசுங்கிப் பொறி விழும் நேரம் தவறியிருக்கிறது. அந்தச் சாவியின் விலை சொற்பம்.

கேள்வி: எங்கள் பள்ளி மைதானத்துக்குக் கையால் தள்ளும் உருளை வகைப் புல்வெட்டி ஒன்று பழைய காலத்திலிருந்து இருக்கிறது. துருவேறிக் கிடக்கிறது. மீட்க முடியுமா? (ஆசிரியர், குப்பம்)

பதில்: முடியும், மீட்பதற்குத் தகுதியான பொருளும் கூட. புல்வெட்டும் இயந்திரத்தின் முதல் வடிவமே இதுதான். இங்கிலாந்தில் ஸ்ட்ரௌட் பகுதியில், துணி ஆலையில் கம்பளித் துணியின் மேற்பஞ்சை மழித்துச் சமமாக்கும் உருளையைப் பார்த்து, எட்வின் பியர்டு பட்டிங் என்பவர் 1830-இல் இதற்குக் காப்புரிமை பெற்றார். சுழலும் உருளைக் கத்திகள் அடியிலுள்ள அசையாத தகட்டை ஒட்டி நகர்ந்து, கத்தரிக்கோலின் இரு அலகுகளைப் போலப் புல்லை நறுக்கும். ஆகவே இதன் உயிர், அந்த இரண்டுக்கும் இடையிலுள்ள இடைவெளி.

மண்ணெண்ணெயும் கம்பித் தூரிகையும் கொண்டு துருவை எடுத்து, ஆயில் விடும் துளைகளில் சில சொட்டு மெல்லிய ஆயில் விடுங்கள். செய்தித்தாளைக் கீற்றாகக் கிழித்து, உருளைக்கும் அடித்தகட்டுக்கும் இடையே நீட்டி, உருளையை மெல்லக் கையால் சுற்றுங்கள். கத்தியில் விரல் படாதவாறு ஒரு குச்சியால் தள்ளுவது நல்லது. இடது முனை, நடு, வலது முனை என மூன்று இடத்திலும் தாள் சுத்தமாக நறுக்கப்பட வேண்டும். மடிந்து போனால் இடைவெளி கூடுதல். உருளை இறுகிக் கிறீச்சிட்டால் குறைவு. இரு ஓரத்துத் திருகுகளையும் மாறி மாறி, கால் சுற்றுக்கும் குறைவாகவே திருப்பிச் சரிசெய்யுங்கள்.

அப்படியும் தாள் நறுங்காவிட்டால், என்ஜின் வால்வுக்குப் போடும் கிரைண்டிங் பேஸ்ட்டை ஆயிலில் குழைத்துக் கத்திகளில் தடவி, ஒரு பக்கச் சக்கரத்தையும் பல்சக்கரத்தையும் கழற்றிவிட்டு, உருளையைப் பின்னோக்கிச் சுற்ற வேண்டும். உருளையும் தகடும் ஒன்றையொன்று தேய்த்துத் தாமே பொருந்திக்கொள்ளும். பிறகு பேஸ்ட்டைத் துளியும் விடாமல் மண்ணெண்ணெயால் கழுவிவிடுங்கள். மைதானத்தில் இறக்குமுன் மாணவர்களைக் கொண்டு கற்களைப் பொறுக்கச் செய்யுங்கள்; ஒரு சல்லிக்கல் போதும், கத்தி மடங்கிவிடும். இயந்திரத்தைத் தள்ளுவதும் துடைப்பதும் மட்டும் பெரியவர் வேலையாகவே இருக்கட்டும்.

கேள்வி: புதிதாக நான்கு ஸ்ட்ரோக் இயந்திரம் வாங்கியிருக்கிறோம். ஆயிலை எப்போது மாற்றுவது? (வாசகர், கூடலூர், தேனி மாவட்டம்)

பதில்: முதல் ஐந்து மணி நேர ஓட்டத்துக்குப் பின் ஒருமுறை மாற்றிவிடுங்கள், புது உறுப்புகள் தேய்ந்து உதிரும் பொடியெல்லாம் அந்த ஆயிலில்தான் இருக்கும். அதன் பின் 50 மணி நேரத்துக்கு ஒருமுறை, அல்லது ஆண்டுக்கு ஒருமுறையேனும். நம் வெப்பத்துக்கு எஸ்.ஏ.இ. 30 ஏற்றது, கையேடு 10டபிள்யூ-30 என்றால் அதையே ஊற்றுங்கள். பெரும்பாலான தள்ளு இயந்திரங்களுக்கு அரை லிட்டரைச் சற்று ஒட்டிய அளவே பிடிக்கும். ஒரு லிட்டர் டப்பா வாங்கி முழுவதையும் ஊற்றிவிடாமல் அளவுக் கோலைப் பார்த்து நிறுத்துங்கள்.

கேள்வி: ரப்பர் தோட்டத்தில் தோளில் மாட்டும் பிரஷ் கட்டர் வைத்துக் காடு வெட்டுகிறோம். தலைப்பகுதி கை வைக்க முடியாத அளவுக்குச் சூடாகிறது. (வாசகர், குலசேகரம்)

பதில்: தோட்டத்தில் மூடுபயிராக முக்குனா கொடி படர்ந்திருந்தால் அதுதான் காரணமாக இருக்கும். அறுந்த கொடி பிளேடுக்கும் தலைக்கும் நடுவே கயிறுபோல் முறுக்கி இறுகி, உராய்ந்து சூடேற்றுகிறது. ஒவ்வொரு முறை பெட்ரோல் ஊற்ற நிறுத்தும்போதும் பிளேடைக் கழற்றி அந்த நாரை அறுத்து எடுக்கச் சொல்லுங்கள். தலையின் பக்கவாட்டில் உள்ள திருகைத் திறந்து, கிரீஸ் வற்றியிருந்தால் லித்தியம் கிரீஸ் நிரப்புங்கள். 25 மணி நேரத்துக்கு ஒருமுறை அதைப் பார்க்க வேண்டும். இரண்டு ஸ்ட்ரோக் என்றால் 2டி ஆயில் கலக்கும் அளவையும் கையேட்டில் சரிபாருங்கள். 50-க்கு 1 என்றால் லிட்டருக்கு 20 மி.லி., 25-க்கு 1 என்றால் 40 மி.லி. வேலையாள் கண்ணளவில் ஊற்றுவதை விட்டு ஓர் அளவுக் குவளையை வாங்கிக் கொடுங்கள்.

கேள்வி: மின்சாரத்தில் ஓடும் புல்வெட்டியை ஹோஸ் குழாயால் கழுவலாமா? (வாசகி, நகரி)

பதில்: கூடாது. பிளக்கைச் சுவரிலிருந்து உருவிவிட்டு, தூரிகையாலும் ஈரத்துணியாலும் மட்டும் துடையுங்கள். மோட்டாரின் காற்றுத் துளைகளில் சிக்கிய புல்லை உலர்ந்த தூரிகையால் எடுக்கலாம். வயரில் வெட்டோ கீறலோ இருந்தால் டேப் சுற்றி ஒப்பேற்றாமல் முழு வயரையும் மாற்றுங்கள். அந்த இணைப்புக்கு 30 மில்லியாம்பியர் கசிவில் மின்சாரத்தைத் துண்டிக்கும் ஈ.எல்.சி.பி. பொருத்தப்பட்டிருக்கிறதா என்று உங்கள் மின்பணியாளரிடம் கேட்டுப் பாருங்கள். இல்லையென்றால் அதைப் பொருத்தும்வரை ஈரப்புல்லில் இயந்திரத்தை இறக்காதீர்கள்.